ஸ்கேன் ரிப்போர்ட்டில் நான்கு நோய்களின் பெயர் இருந்தால் எதை நம்புவது?

குளச்சலைச் சேர்ந்த ஒரு தம்பியின் கேள்வி இது. அவருடைய அண்ணனுக்கு 34 வயது. விசைப்படகில் கடல் தொழில். சென்ற வாரம் கரையில் வலை சரிபார்த்துக்கொண்டிருந்தவருக்கு இடது கை வெட்டி இழுத்து, அதைத் தொடர்ந்து உடம்பு முழுக்க வலிப்பு வந்திருக்கிறது. நாகர்கோவிலில் மருந்து ஏற்றி எடுத்த சி.டி. ஸ்கேனில் மூளையின் வலது பக்கம் 14 மில்லிமீட்டர் அளவில் வளையம் போன்ற ஒரு புள்ளியும், அதைச் சுற்றிக் கொஞ்சம் வீக்கமும் தெரிந்தன. ரிப்போர்ட்டின் கடைசி வரியில் நான்கு பெயர்கள்: நாடாப்புழுக் கட்டி, காசநோய்க் கட்டி, சீழ்க்கட்டி, வேறு இடத்திலிருந்து பரவிய புற்று. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். தம்பி கேட்பது: இது புற்றுநோய்தானா? நேராகத் திருவனந்தபுரம் கொண்டுபோய்விடலாமா? பெட் ஸ்கேன் எடுத்தால் ஒரேயடியாகத் தெரிந்துவிடாதா? ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுத்தால் கதிர்வீச்சே கெடுதல் செய்யாதா? அம்மாவுக்கும் சில மாதங்களாகக் கை நடுங்குகிறது, அவருக்கும் சேர்த்து எடுத்துவிடலாமா?

நாகர்கோவிலில் கதிரியல் மருத்துவராக வேலை பார்த்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். அண்ணனை நேரில் பார்க்கும் நரம்பியல் மருத்துவரின் சொல்தான் இறுதியானது.

தம்பி, முதலில் வீட்டில் நடக்கும் அழுகையை நிறுத்துங்கள். அந்த நான்கு பெயர்களில் வீட்டார் கண்ணில் பட்டது கடைசிப் பெயர் மட்டும். எனக்குப் படுவது வேறு: வயது 34, புள்ளி ஒன்றே ஒன்று, அளவு 20 மில்லிமீட்டருக்குள், முதல் அறிகுறி வலிப்பு, வலிப்பு நின்றபின் கை கால் பலவீனம் எதுவும் இல்லை. இந்த ஐந்தும் ஒன்றாகச் சேரும்போது, நம் நாட்டில் பெரும்பாலும் அது நாடாப்புழுவின் முட்டையிலிருந்து வந்த சிறு கட்டியாகத்தான் இருக்கும். அடுத்த இடம் காசநோய்க்கு. இரண்டுக்கும் மருந்து உண்டு. புற்று என்பது பட்டியலில் இருக்க வேண்டிய பெயர்தான், ஆனால் கடைசியில் இருக்க வேண்டிய பெயர்.

வலிப்பு இடது கையில் தொடங்கியது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மருத்துவரிடம் சொன்னீர்களா? மூளையின் வலது பாதிதான் இடது கையை ஆளுகிறது. புள்ளி இருக்கும் இடமும் வலிப்பு தொடங்கிய இடமும் பொருந்துகின்றன என்றால், வலிப்புக்குக் காரணம் இந்தப் புள்ளிதான் என்று அடித்துச் சொல்லலாம். ஸ்கேன் எடுக்கப் போகிறவர்கள் இதையெல்லாம் சொல்வதில்லை; மருத்துவர்கள் கேட்டுச் சீட்டில் எழுதி அனுப்புவதும் குறைவு. 'தலை ஸ்கேன்' என்று இரண்டே சொல் எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு ரிப்போர்ட் எழுதுகிறவர் நான்கு பெயர் போடாமல் என்ன செய்வார்?

அப்படிப் பல பெயர் போடுவது அறியாமையும் அல்ல, தப்பித்துக்கொள்ளும் வழியும் அல்ல. சி.டி. என்பது எக்ஸ் கதிர் எந்த இடத்தில் எவ்வளவு தடுக்கப்படுகிறது என்று அளக்கும் கருவி. எலும்பு வெள்ளை, நீர் கறுப்பு, புதிதாகக் கசிந்த ரத்தம் வெள்ளை; அவ்வளவுதான் அதன் மொழி. 1971 அக்டோபர் 1-ஆம் தேதி லண்டனில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய கருவியில் முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தபோது, நெற்றிப் பக்க மூளையில் கட்டி இருப்பது தெரிந்தது. அதற்கு முந்தைய காலத்தில் மூளைக் கட்டியைத் தேட, முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீரை எடுத்துவிட்டுக் காற்றை ஏற்றி எக்ஸ்ரே எடுப்பார்கள். நோயாளிக்கு அதற்குப் பிறகு பல நாள் தலைவலி. அந்தச் சித்திரவதைக்கு முடிவு கட்டிய கருவி என்பதால் சி.டி. மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. ஆனால் நோயின் பெயரைச் சொல்லும் கருவி அல்ல அது.

வளையம் ஏன் தெரிகிறது என்பதைப் பார்ப்போம். மூளையின் ரத்தக்குழாய்களுக்கு ஒரு கடுமையான காவல் உண்டு. ரத்தத்தில் உள்ள பல பொருட்களை மூளைக்குள் விடாது. நோய் வந்த இடத்தில் அந்தக் காவல் உடைகிறது. ஸ்கேனுக்காக ரத்தக்குழாயில் ஏற்றிய மருந்து உடைந்த இடத்தில் மட்டும் கசிந்து நிற்கிறது. அதனால் அந்த இடம் பளிச்சென்று தெரிகிறது. நடுப்பகுதி செத்துப்போயோ நீராகியோ இருந்தால் அங்கே மருந்து சேராது. விளிம்பு மட்டும் வெளுத்து வளையம் ஆகிவிடுகிறது. புழுவும் இப்படி வளையம் போடும், காசநோயும் போடும், சீழும் போடும், புற்றும் போடும்.

இந்த நால்வரையும் பிரிப்பதற்குத்தான் எம்.ஆர்.ஐ. சி.டி.யில் ஏற்றுவது அயோடின் கலந்த மருந்து; எம்.ஆர்.ஐ.யில் ஏற்றுவது கடோலினியம் கலந்த மருந்து. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலில் இருந்து மோனசைட் என்ற கனிமத்தைப் பிரிக்கிறார்களே, அந்த மோனசைட்டில் உள்ள அருமண் உலோகங்களில் கடோலினியமும் ஒன்று. இன்னொரு செய்தியும் கடலோர ஊர்க்காரரான உங்களுக்குத் தேவைப்படும்: இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அயோடின் மருந்து ஏற்றவே கூடாது என்று ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. இறால் ஒவ்வாமை அதிலுள்ள புரதத்தால் வருவது, அயோடினால் அல்ல. ஆஸ்துமா இருக்கிறதா, முன்பு ஸ்கேன் மருந்து ஏற்றியபோது தடிப்பு வந்ததா, சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்பவைதான் சொல்ல வேண்டிய விஷயங்கள். சிறுநீரகம் மிகவும் கெட்டிருந்தால் கடோலினியத்திலும் கவனம் தேவை. அதற்காகத்தான் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் என்ற ரத்தச் சோதனையைப் பார்க்கச் சொல்வார்கள்.

எம்.ஆர்.ஐ. ஒரே படம் அல்ல; ஒரே தலையை வெவ்வேறு கேள்வி கேட்டு எடுக்கும் பல வரிசைப் படங்கள். உடம்பில் உள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்களைக் காந்தப்புலத்தில் வரிசைப்படுத்தி, ரேடியோ அலையால் தட்டி, அவை மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பும் நேரத்தை அளக்கிறார்கள். இதில் எக்ஸ் கதிரே கிடையாது. அண்ணனின் வளையத்துக்கு எந்தெந்த வரிசை எதைச் சொல்லும் என்று மட்டும் எழுதுகிறேன்.

டிஃப்யூஷன் என்ற வரிசை, நீர் மூலக்கூறுகள் தாராளமாக நகர முடிகிறதா என்று பார்க்கிறது. சீழ் என்பது கெட்டிக் கஞ்சி போல. அதற்குள் நீர் நகர முடியாது. ஆகவே வளையத்தின் நடுப்பகுதி இந்த வரிசையில் பளீரென்று வெள்ளையாக இருந்தால் சீழ்க்கட்டி என்ற சந்தேகம் வலுக்கும். அது அவசர வேலை. புற்றின் செத்த நடுப்பகுதி பெரும்பாலும் நீர்த்துப்போயிருக்கும், இப்படி வெளுக்காது. அடுத்தது டி2 வரிசை. புழுக்கட்டியின் நடுவில் நீர் இருப்பதால் இதில் வெள்ளையாகத் தெரியும். முற்றிய காசநோய்க் கட்டியின் நடுவில் கெட்டித் தயிர்ப் பதத்தில் திசு இருப்பதால் கறுப்பாகத் தெரியும். புழுக்கட்டியின் நீர்ப்பைக்குள் ஓரமாக ஒரு சிறு புள்ளி ஒட்டிக்கொண்டிருந்தால், அது புழுவின் தலை. அதைப் பார்த்துவிட்டால் வழக்கு முடிந்தது. மற்ற மூன்று பெயர்களையும் அடித்துவிடலாம். தலையை மெல்லிய துண்டு துண்டாகப் படமெடுத்தால்தான் அந்தப் புள்ளி அகப்படும். தடித்த துண்டுகளுக்கு நடுவே அது காணாமல் போய்விடும்.

ஸ்பெக்ட்ராஸ்கோபி என்பது படமே அல்ல, அந்த இடத்தின் வேதிப்பொருட்களை ஏறி இறங்கும் கோடாக வரைவது. காசநோய்க் கட்டியில் கொழுப்பின் சிகரம் உயரும். வேகமாக வளரும் கட்டியில் கோலின் உயர்ந்து, நல்ல நரம்பணுவின் அடையாளமான என்.ஏ.ஏ. தாழும். கேட்பதற்கு அழகாக இருக்கிறது. ஆனால் 14 மில்லிமீட்டர் புள்ளியில், அதுவும் மண்டையோட்டை ஒட்டிய இடத்தில் இருந்தால், இந்தக் கோடு பல நேரம் நம்பத்தக்கதாக வராது. இதை மட்டும் வைத்து ஒருவர் 'காசநோய்தான்' என்று சொன்னால் நான் ஏற்கமாட்டேன்.

இந்தச் சின்ன வளையத்துக்கு நம் மாநிலத்தில் ஒரு வரலாறே உண்டு. சி.டி. இந்தியாவுக்கு வந்த காலத்தில் வலிப்பு நோயாளிகளின் மூளையில் இப்படிப்பட்ட புள்ளிகள் வரிசையாகத் தெரியத் தொடங்கின. காசநோய் மலிந்த நாடு என்பதால் கண்ணை மூடிக்கொண்டு காசநோய் மருந்து கொடுத்தார்கள். புள்ளி மறைந்தது, மருந்து வேலை செய்தது என்று நினைத்தார்கள். மருந்து எதுவும் தராதவர்களுக்கும் அது மறைவதைப் பிறகு கண்டார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மாத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் ஆகிய நரம்பு அறுவை மருத்துவர்களும் அவர்களுடைய குழுவினரும் இந்தக் கட்டிகளை எடுத்துத் திசுவைப் பரிசோதித்து, பெரும்பாலானவை செத்துக்கொண்டிருக்கும் நாடாப்புழு லார்வாக்கள் என்று 1989-ல் உலகுக்குச் சொன்னார்கள். மண்டையைத் திறக்காமலே இதைக் கண்டுபிடிக்க வழிமுறையும் வகுத்தார்கள். நான் மேலே சொன்ன 20 மில்லிமீட்டர் கணக்கு அவர்களுடையதுதான்: ஒற்றைப் புள்ளி, 20 மில்லிமீட்டருக்கு மேல் போகாதது, மூளையின் நடுக்கோட்டைத் தள்ளும் அளவு வீக்கம் இல்லாதது, தலைக்குள் அழுத்தம் தொடர்ந்து ஏறாதது, பலவீனம் நாளுக்கு நாள் கூடாதது, உடம்பில் வேறு முற்றிய நோய் இல்லாதது. எத்தனையோ பேரைத் தேவையற்ற அறுவையிலிருந்தும் தேவையற்ற காசநோய் மாத்திரைகளிலிருந்தும் காப்பாற்றிய வேலை அது.

'நாங்கள் பன்றிக்கறி சாப்பிடுவதே இல்லையே' என்று உங்கள் வீட்டில் கேட்பார்கள். வேகாத பன்றிக்கறி தின்றால் குடலில் நாடாப்புழு வரும். மூளைக்குள் கட்டி வருவது புழுவின் முட்டையை விழுங்குவதால். புழு உள்ள மனிதரின் மலம் கலந்த தண்ணீர், கழுவாத கை, சரியாகக் கழுவாத பச்சைக் காய்கறி வழியாக அது வரும். சுத்த சைவர்களுக்கும் வருகிறது. யாரையும் குறை சொல்ல இதில் இடமில்லை.

எப்போது கவலைப்படுவேன்? எம்.ஆர்.ஐ.யில் ஒன்றுக்குப் பதில் பல புள்ளிகள் தெரிந்து, உடம்பும் மெலிந்துகொண்டே வந்தால். வளையத்தின் விளிம்பு தடித்து, மேடும் பள்ளமுமாக இருந்தால். ரத்த ஓட்டத்தை அளக்கும் பெர்ஃப்யூஷன் வரிசையில் விளிம்பில் ரத்தம் மிகுதியாகப் பாய்ந்தால். சில வாரங்களில் அது பெருத்தால். புற்று பரவி வந்தது என்றால் எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். நெஞ்சுப் படம் கட்டாயம் எடுப்பார்கள், அதிலேயே காசநோயும் தேடப்படும். மூளையிலேயே பிறந்த கட்டி என்ற சந்தேகம் வந்தால், எந்த ஸ்கேனும் போதாது. உலக சுகாதார அமைப்பின் 2021 வகைப்பாட்டின்படி மூளைக் கட்டியின் பெயரே மரபணுச் சோதனையையும் சேர்த்துத்தான் முடிவாகிறது. அதற்குத் திசு வேண்டும். இன்னொன்று: லிம்ஃபோமா என்ற வகைக் கட்டி ஸ்டீராய்டு கொடுத்தவுடன் கரைந்து மறைந்து, திசு எடுக்கும்போது கண்ணில் படாமல் போகும். அண்ணனுக்கு ஸ்டீராய்டு ஏற்கெனவே தொடங்கிவிட்டார்களா என்பதை ஸ்கேன் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பெட் ஸ்கேன் வேண்டாம். இந்த நிலையில் அது பணத்தைக் கரைக்கும், குழப்பத்தைக் கூட்டும். சர்க்கரையோடு கதிரியக்க ஃபுளோரினைச் சேர்த்து ஏற்றி, எந்தத் திசு அதிகம் சர்க்கரை தின்கிறது என்று பார்ப்பது அது. மூளை உடம்பின் எடையில் சுமார் 2 சதவீதம், ஆனால் ஆற்றலில் 20 சதவீதத்தைத் தின்னும் உறுப்பு. எல்லா இடமும் ஒளிரும் மூளைக்குள் 14 மில்லிமீட்டர் புள்ளியைத் தேடுவது வீண் வேலை. போதாக்குறைக்குக் காசநோய்க் கட்டியும் புற்றைப் போலவே சர்க்கரை தின்று ஒளிரும். புற்று உறுதியான பிறகு உடம்பில் வேறு எங்கே இருக்கிறது என்று தேட அது அருமையான கருவி. அதற்கு முன் அல்ல.

கதிர்வீச்சுக்கு வருவோம். தலை சி.டி. ஒன்றில் கிடைப்பது சுமார் 2 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு). மண், காற்று, வானம் வழியாக உலகில் ஒரு மனிதருக்கு ஆண்டுக்கு இயற்கையாகக் கிடைக்கும் சராசரி 2.4. மோனசைட் மணலால் நம் கடற்கரையின் சில பகுதிகளில் இயற்கைக் கதிர்வீச்சு அதைவிடக் கூடுதல். இதே போன்ற மணல் உள்ள கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளியில் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் பல ஆண்டு ஆராய்ந்து, மணலின் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்று 2009-ல் வெளியிட்டது. அதற்காகக் காரணமின்றி சி.டி. எடுத்துக்கொண்டே போகலாம் என்று பொருளில்லை. குழந்தைகளுக்கு நான் இருமுறை யோசிப்பேன். வலிப்பு வந்த 34 வயதுக்காரருக்கு எடுத்த ஒரு சி.டி.க்காக வருந்த வேண்டாம். எம்.ஆர்.ஐ.யில் அந்தக் கணக்கே இல்லை.

திருவனந்தபுரம் ஓடுவது பற்றி. நாகர்கோவிலில் இருந்து 70 கிலோமீட்டர்தான், ரயிலும் உண்டு, அங்கே ஸ்ரீ சித்திரைத் திருநாள் கழகம் போன்ற முதல்தர நரம்பியல் நிலையம் இருக்கிறது. எனக்கும் அதன் மேல் மிகுந்த மதிப்பு. ஆனால் அது காலையில் போய் வரிசையில் நிற்கும் இடம் அல்ல. மருத்துவரின் பரிந்துரைக் கடிதமும் முன்பதிவும் வேண்டும். இந்த எம்.ஆர்.ஐ.யை நாகர்கோவிலிலேயே எடுக்கலாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் கேட்டுப் பாருங்கள். கட்டணம் தனியாரைவிடக் குறைவாக இருக்கும், முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை பயன்படுமா என்பதையும் அங்கேயே விசாரிக்கலாம். காந்த வலிமை 1.5 டெஸ்லா உள்ள இயந்திரம் இதற்குப் போதும்.

எங்கே எடுத்தாலும் எல்லாப் படங்களும் பதிந்த குறுந்தட்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ஃபிலிம் மட்டும் போதாது. ஃபிலிமில் நூற்றுக்கணக்கான படங்களில் கொஞ்சத்தைத்தான் சுருக்கி அச்சிடுவார்கள். புழுவின் தலையைத் தேடும் மருத்துவருக்கு எல்லாத் துண்டுகளும், பெரிதாக்கிப் பார்க்கும் வசதியும் வேண்டும். தட்டு இல்லாததால் 70 கிலோமீட்டர் போய் மறுபடி ஸ்கேன் எடுக்கும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. படங்களைத் தொலைபேசியில் போட்டோ எடுத்து அனுப்புவது பதற்றத்தைப் பரப்ப மட்டுமே உதவும்.

எம்.ஆர்.ஐ. அறைக்குள் இருக்கும் காந்தம் பூமியின் காந்தப்புலத்தைவிட முப்பதாயிரம் மடங்குக்கும் மேல் வலியது. எப்போதும் விழித்திருக்கும், அணைத்து வைப்பதில்லை. அண்ணன் அரைஞாண் கொடி, தாயத்து எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிட்டு வரட்டும். தூண்டில் முள் எப்போதாவது குத்தி உள்ளே ஒடிந்ததா, படகில் வெல்டிங் வேலை செய்தபோது கண்ணில் இரும்புத்தூள் தெறித்ததா என்பதை நினைவுபடுத்திச் சொல்லச் சொல்லுங்கள். கண்ணுக்குள் சிக்கிய இரும்பு காந்தத்தில் அசைந்தால் பார்வை போகும். துணைக்கு உள்ளே போகிற பெண்கள் தாலிச் சங்கிலியில் கோத்து வைத்திருக்கும் ஊக்குகளை மறந்துவிடுகிறார்கள். தங்கத்தைக் காந்தம் இழுக்காது, ஊக்கை இழுக்கும்.

அம்மாவுக்குச் சேர்த்து ஸ்கேன் எடுக்க வேண்டாம். கை எப்போது நடுங்குகிறது என்று கவனியுங்கள். கையை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும்போது நடுங்கி, எதையாவது எடுக்கப் போனால் குறைகிறதா? அல்லது தேநீர் கிளாஸைத் தூக்கும்போதுதான் நடுங்கிச் சிந்துகிறதா? முதலாவது பார்க்கின்சன் என்ற மூளை நரம்பு நோயை நினைக்க வைக்கும். இரண்டாவது பெரும்பாலும் ஆபத்தில்லாத நடுக்கம். பார்க்கின்சன் நோயைக் கண்டுபிடிப்பது மருத்துவரின் கண்ணும் கையும்தான், சாதாரண எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் இயல்பாகவே வரும். சந்தேகம் தீராவிட்டால் அந்த நோயில் குறைந்துபோகும் டோபமைன் நரம்புகளைக் காட்டும் ட்ரோடாட் என்ற அணுமருத்துவ ஸ்கேன் இருக்கிறது. அதற்கெல்லாம் முன்பு அம்மாவின் மாத்திரைப் பையைக் கொட்டிப் பாருங்கள். வாயுத் தொல்லைக்கு லெவோசல்பிரைடு, தலைசுற்றலுக்குச் சின்னாரிசின் அல்லது ஃபுளூனாரிசின் மாதக்கணக்கில் சாப்பிட்டால் பார்க்கின்சன் போன்ற நடுக்கம் வரும். மருத்துவர் அதை நிறுத்தினால் பெரும்பாலும் குறையும். தைராய்டும் பார்க்க வேண்டும்.

'எதற்கும் ஒன்று எடுத்து வைப்போம்' என்பதில் எனக்கு உடன்பாடு இல்லாததற்குக் காரணம் உண்டு. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில், பொதுமக்களில் 2,000 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். 7.2 சதவீதத்தினருக்குத் தமக்கே தெரியாமல் வந்துபோன சிறு பக்கவாதத் தழும்பு, 1.8 சதவீதத்தினருக்கு ரத்தக்குழாயில் வீக்கம், 1.6 சதவீதத்தினருக்குத் தீங்கற்ற கட்டி. தேடினால் கிடைக்கும், கிடைத்ததை என்ன செய்வது என்று தெரியாமல் குடும்பம் தூக்கம் கெடும்.

ஆனால் ஒரு விஷயத்தில் நேர்மாறாகச் சொல்வேன். அம்மாவுக்கோ வேறு யாருக்கோ திடீரென்று வாய் கோணி, ஒரு பக்கக் கை கால் விழுந்து, பேச்சுக் குழறினால் எந்த ஸ்கேன் நல்லது என்று யோசிக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு 4.5 மணி நேரம்தான் கெடு. மூளையில் ரத்தம் கசியவில்லை என்று உறுதி செய்ய சி.டி. போதும். முதல் சில மணி நேரத்தில் சி.டி. இயல்பாக வரலாம்; பக்கவாதம் இல்லை என்று அதற்குப் பொருளல்ல.

அண்ணன் விஷயத்தில் இனி செய்ய வேண்டியது: வலிப்பு மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது. புழுக்கட்டி என்று முடிவானால் புழுவைக் கொல்லும் ஆல்பென்டசோலும், புழு சாகும்போது வரும் வீக்கத்தைத் தடுக்க ஸ்டீராய்டும் சேர்த்துத் தருவார்கள். கடையில் வாங்கித் தாமாகப் போட்டுக்கொள்ளும் மருந்து அல்ல அது. மருத்துவர் சொல்கிற காலத்தில், பெரும்பாலும் சில மாதங்களில், அதே மையத்தில் அதே வரிசைகளோடு மறு ஸ்கேன். சிறுத்திருக்கிறதா என்று அப்போது பழைய தட்டோடு ஒப்பிடுவார்கள். அதுவரை, வலிப்பு முழுமையாக அடங்கிவிட்டது என்று மருத்துவர் சொல்லும்வரை, அண்ணன் படகில் ஏறக் கூடாது, பைக் ஓட்டக் கூடாது, தென்னையில் ஏறக் கூடாது, தனியாகக் குளத்தில் இறங்கக் கூடாது. பங்குக்காரர்கள் வருத்தப்படுவார்கள், வருமானம் போகும், தெரிகிறது. நடுக்கடலில் விளிம்பில் நின்று வலை இழுக்கிறவருக்கு அரை நிமிட வலிப்பு வந்தாலே போதும். கரையில் வலை பின்னும் வேலை, ஏலக்கூடத்தில் கணக்கு எழுதும் வேலை என்று எதையாவது பேசி ஏற்பாடு செய்யுங்கள்.